பின்னால் வருகிறவன்

ஜனவரி 9

வாலு,

போனில் என் நம்பரை அடைத்துவிட்டாய். அம்மா நம்பரையும். சரி. உன் முகவரியைப் பாலத்தடியில் கடை வைத்திருக்கிற பஞ்சர் அண்ணனிடம் வாங்கினேன். "நான் கொடுத்தேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதம்மா" என்று கெஞ்சினார். சொல்லிவிட்டேன். கடிதத்தில் ஒரு வசதி, பாதியில் வெட்ட முடியாது. கிழித்துப் போட்டாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திக்கொள். மேம்பாலத்தில் சைக்கிள் ஏறக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். நாம் ஏறினோம். போலீஸ்காரர் நம் இரண்டு வண்டியின் காற்றையும் பிடுங்கிவிட்டு வால்வைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நீ என்ன செய்தாய்? "கார்ல வர்றவன் வால்வையும் பிடுங்குவீங்களா?" என்று கேட்டாய். நல்ல கேள்விதான். என் வாயிலும் அதுதான் இருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் வண்டிகளை அள்ளிப் போகிற லாரி நின்றது. அதில் நம் சைக்கிள் போய்விட்டால் மறுநாள் வேலைக்கு உன் கேள்வி மேல் ஏறியா போவது? அதனால்தான் அறைந்தேன். உன் இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்துக் கும்பிட வைத்தேன். வால்வு திரும்பி வந்தது. இன்னொரு தடவை அதே நிலைமை வந்தால் இன்னொரு தடவை அறைவேன்.

அன்று சாயந்திரம் வேலை முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். நீ வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் துணிப்பை இல்லை. சைக்கிள் மட்டும் மாடிப்படி வளைவில், அந்தத் தொண்டை கட்டின மணியோடு சாய்ந்து கிடந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் கழுத்து இன்னும் மோசமாகிவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை மூட்டையைத் தூக்கித் தூக்கி இறுகின கழுத்து. முன்பு கொஞ்சமாவது திரும்பும். இப்போது அதுவும் இல்லை. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். சிரிக்காமல் சொன்னார். பின்னால் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டும், உடம்போடு திரும்பினால் சைக்கிள் நடுரோட்டுக்குப் போய்விடும். உனக்குத் தெரியாததா?

பாலத்தடியில் ரோட்டைக் கடக்கிற இடத்தில்தான் கஷ்டம். மேலிருந்து இறங்குகிறவன் எல்லாம் இறக்கத்தின் வேகத்தில் வருகிறான். நீ பின்னால் இருந்தபோது எனக்குக் கண் தேவைப்படவில்லை. நீ மணியை ஒரு தடவை அடித்தால் வண்டி வருகிறது, ஓரமாகவே போ. இரண்டு தடவை அடித்தால் காலி, ஒடித்துத் திரும்பு. நான் யோசித்ததே இல்லை. இரண்டு கேட்டதும் திரும்புவேன். இத்தனை வருஷமாக என் பிடரியில் இருந்த கண் இப்போது எங்கோ யாருக்கோ சாப்பாடு சுமக்கிறது என்றார் பஞ்சர் அண்ணன்.

வா என்று சொல்லவில்லை. விவரம் சொன்னேன்.

அக்கா

ஜனவரி 27

முன்னால் போகிற இன்ஜினுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

நீ அறைந்தது எனக்கு வலிக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்து வாங்கிப் பழகின கைதான். ஆனால் என் கையைப் பிடித்துச் சேர்த்து வைத்தாயே. அந்த ஆள் சிரித்தார். சிக்னலில் பைக்கில் நின்றவன் போன் எடுத்துப் படம் பிடித்தான். நான் தாடி மீசை வைத்த ஆம்பளை, அக்கா. அந்த ரோட்டில் தினமும் அதே இடத்தைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு தடவையும் என் கை தானாகச் சேர்ந்திருக்கும். அதனால்தான் வந்துவிட்டேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டிருக்கிறார்கள், அழகாக. முதுகில் கம்பெனி கொடுத்த பெட்டி. ஆமை மாதிரி இருக்கிறேன் என்று கூட ஓட்டுகிற நெட்டை சொல்வான். அவன் ஒட்டகச்சிவிங்கி மாதிரி இருப்பான், அவன் என்னைச் சொல்கிறான்! புது சைக்கிள் தவணையில் எடுத்திருக்கிறேன். கியர் வைத்தது. மேட்டில் ஏறினால் மேடு என்றே தெரியாது. யாரும் வால்வைப் பிடுங்குவதில்லை. யாரும் என்னைக் கும்பிடச் சொல்வதில்லை.

உன் கழுத்துக்கு நான் என்ன செய்ய முடியும்? பாலத்தடியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. இல்லாவிட்டால் பஸ்ஸில் போ. அதுவும் இல்லாவிட்டால் ஹாண்டில்பாரில் ஒரு கண்ணாடி மாட்டு. பின்னால் வருவது தெரியும். அதற்கு ஒரு தம்பி தேவையில்லை.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

வாலு என்று போட மாட்டேன். உன் தம்பி என்று போடுகிறேன்.

பிப்ரவரி 11

வாலுவேதான்,

நீ சொன்ன மூன்றையும் செய்தேன். குறித்துக்கொள்.

பஸ்: நம்மை ஊருக்குள்ளிருந்து பிடுங்கி இந்த அடுக்குமாடியில் நட்டபோது பஸ் விடுவோம் என்றார்கள். விட்டிருக்கிறார்கள். அது நிற்பதில்லை. நிற்கிற அன்றைக்கு ஏற முடிவதில்லை. ஏறின அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சூப்பர்வைசர் என் பெயருக்கு எதிரே கோடு போட்டு முடித்திருந்தார். "உங்க வீடு தூரம்னா அது ஆஸ்பத்திரியோட தப்பா?" என்றார். இல்லைதான். ஆஸ்பத்திரி எங்கேயும் போகவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த நம்மைத்தான் தூக்கிக்கொண்டு போய்த் தள்ளினார்கள்.

தள்ளிக்கொண்டு போவது: ஓட்டுகிறவளைக் கண்டால் ஒருத்தனாவது ஹாரன் அடிப்பான். தள்ளிக்கொண்டு நிற்கிறவளை யாரும் ஆளாகவே மதிப்பதில்லை. ரோட்டோரம் நட்ட கம்பம் மாதிரி நின்றேன். ஒரு இடைவெளி கிடைத்து ஓடினால் நடுவில் செருப்பு கழன்றது. செருப்பை விட்டுவிட்டேன். அன்று முழுக்க ஒற்றைச் செருப்போடு சலவைக்கூடத்தில் நின்றேன்.

கண்ணாடி: வாங்கினேன். பஞ்சர் அண்ணன் மாட்டிக் கொடுத்தார். "இதுல உன் மூஞ்சியைப் பாக்காதம்மா, பயந்து விழுந்துடுவே" என்றார். நம் ரோட்டின் குலுக்கலில் அதில் தெரிகிற லாரி எல்லாம் நடுங்கிக்கொண்டே வருகிறது. லாரி என்னைப் பார்த்து நடுங்குவதைப் பார்க்க ஒரு சந்தோஷம். ஆனாலும் உபயோகமாகத்தான் இருக்கிறது. நீ சொன்னது ஒன்றாவது உருப்படி.

இங்கேயும் சைக்கிள் பாதை வந்துவிட்டது தெரியுமா? ஏரிக்கரை ரோட்டில், பச்சைப் பெயிண்ட். திறப்பு விழாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சைக்கிள் வைத்திருக்கிறவர்களை எல்லாம் வரச் சொன்னார்கள். எங்களுக்கு வெள்ளை டீ சட்டை கொடுத்தார்கள், 'ஓட்டுவோம், நலம் பெறுவோம்' என்று நெஞ்சில் எழுதியது. பெரிய அதிகாரி ஒருவர் தலைக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து போட்டோக்காரர்கள் நின்ற இடம் வரைக்கும் ஓட்டினார். இறங்கினார். அவருக்கு ஸ்டாண்ட் போடத் தெரியவில்லை. சைக்கிளை அப்படியே விட்டுவிட்டுக் காரில் ஏறினார், அது சரிந்து என் கால் மேல் விழுந்தது. நான்தான் எடுத்து நிறுத்தினேன். அப்புறம் டீ சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஊர் விழாவுக்கு வேண்டுமாம். அதையும் நம் சலவைக்கூடத்துக்குத்தான் அனுப்பினார்கள். நலம் பெறுவோம் என்பதை நானே வெந்நீரில் போட்டு அலசினேன்.

அந்தப் பச்சைப் பாதை பாலத்தடிக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பெயிண்ட் தீர்ந்ததா, மனசு தீர்ந்ததா தெரியவில்லை.

அம்மா உன் சைக்கிளைத் துடைத்து வைக்கிறாள். கேட்டால் தூசி என்கிறாள்.

அக்கா

மார்ச் 2

அக்கா,

கண்ணாடியை ரொம்ப நம்பாதே. அதில் தெரிகிற வண்டி நிஜத்தில் இன்னும் பக்கத்தில் இருக்கும். தெரிந்ததும் ஒரு மூச்சு பொறுத்துத்தான் திரும்பு.

தனிப் பாதை அழகு என்று எழுதியிருந்தேன். பொய் இல்லை, பாதை இருக்கிறது. அதன் மேல் கார் நிற்கிறது. காரைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்கினால், "உங்களுக்குத்தான் தனியா போட்டுக் கொடுத்திருக்காங்களே, அப்புறம் ஏன்டா இங்க வந்து சாவறே?" என்று கேட்பார்கள்.

நேற்று ஒரு பெரிய குடியிருப்பில் சாப்பாடு கொடுக்கப் போனேன். கண்ணாடிக் கதவு, உள்ளே மீன் தொட்டி. காவலாளி நல்ல மனுஷன்தான், அப்பா வயது இருக்கும். பொட்டலத்தை வாங்கி லிஃப்டுக்குள் வைத்தார். பொத்தானை அமுக்கினார். என்னைப் பார்த்து, "நீ படியில ஏறிப் போய் மேல எடுத்துக்கோ தம்பி, ஆளுங்களை விடக் கூடாதுன்னு உத்தரவு" என்றார். ஏறினேன். மேலே போனால் லிஃப்ட் எனக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. சாம்பார் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. நெட்டையிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடுத்த ஜென்மத்துல பொட்டலமா பொறடா" என்றான். நானும் சிரித்தேன். அப்புறம் அறைக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

இதை எழுதுவதால் வரப் போகிறேன் என்று நினைக்காதே. இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. என் அவமானம்கூடத் தெரியாதவர்கள் நடுவில் நடந்தால் கொஞ்சம் லேசாக இருக்கிறது.

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி

மார்ச் 14

வாலு,

கண்ணாடி போய்விட்டது.

ஆஸ்பத்திரியைப் பார்வையிட யாரோ பெரிய மனிதர்கள் வந்தார்கள். கார் நிறுத்த இடம் இல்லை. காவலாளிகள் எங்கள் சைக்கிள்களை எல்லாம் தூக்கிப் பிணவறைக்குப் பின்னால் வீசிவிட்டார்கள். குவியலாக. வேலை முடிந்து வந்து ஆளாளுக்கு இழுத்துப் பிரித்து எடுத்தோம். ஒரு சைக்கிளின் பெடல் இன்னொன்றின் கம்பிக்குள் மாட்டிக்கொண்டு, நாய்ச் சண்டை மாதிரி. என் கண்ணாடி தூளாகக் கிடந்தது. ஹாண்டில்பாரில் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. புகார் சொல்லப் போனேன். சூப்பர்வைசர், "சைக்கிளுக்கு எதுக்கும்மா கண்ணாடி? பவுடர் போடவா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களும் சைக்கிளில் வருகிறவர்கள்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பாலத்தடியில் ஒரு கார் என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. அதன் கண்ணாடி மடங்கி எனக்கு எதிராகத் திரும்பியது. ஒரு கணம் என் முகத்தை அதில் பார்த்தேன். பஞ்சர் அண்ணன் சொன்னது சரிதான், பயமாகத்தான் இருந்தது. அந்த ஆள் நிறுத்தி இறங்கி வந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை என்று தெரிந்ததும், "சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் முழங்கையை அவர் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.

இப்போதெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பாலத்தடியை நினைத்துக்கொள்கிறேன். அந்த இடம் வரைக்கும் நன்றாக ஓட்டுகிறேன். அங்கே வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி தோன்றியதும் திரும்புகிறேன். இதுவரைக்கும் தப்பித்துவிட்டேன். தப்பித்தது என் சாமர்த்தியம் இல்லை.

முதல் கடிதத்தில் விவரம் மட்டும் சொன்னேன். இந்தத் தடவை கேட்கிறேன். வா. உன் கையைச் சேர்த்து வைத்த இடத்தில், வேண்டுமானால் அதே போலீஸ்காரர் முன்னால், என் கையைச் சேர்த்துக் காட்டுகிறேன். வா.

அக்கா

ஏப்ரல் 5

அக்கா,

நெட்டை செத்துவிட்டான்.

நல்ல மழை. பட்டப் பகல். மழை வந்தால்தான் எல்லோருக்கும் சாப்பாட்டை வீட்டுக்கு வரவழைக்கத் தோன்றும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். தண்ணீருக்குள் மூடி இல்லாத குழி. அவன் முன் சக்கரம் உள்ளே போனது. அவன் வெளியே விழுந்தான். பின்னால் வந்த வேன் நிற்கப் பார்த்தது, அதற்கும் ரோடு வழுக்கியது.

நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் போன் கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. கண்ணாடி விரிசல் விட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு பெண் குரல் இருக்கிறது அக்கா, ரொம்ப மரியாதையான குரல். "உங்கள் வாடிக்கையாளர் காத்திருக்கிறார்" என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி, "நீங்கள் தாமதமாகிறீர்கள்" என்றது. எடுத்து அணைக்க எனக்குக் கை வரவில்லை, கையில் அவன் தலை இருந்தது. அப்புறம் சாப்பாடு வரவழைத்தவரே கூப்பிட்டார். கூட்டத்தில் ஒருத்தர் எடுத்துப் பேசினார். "சார், இந்தப் பையன் இறந்துட்டான்" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "சாப்பாடு கொட்டிடுச்சான்னு கேக்கறாங்க" என்றார்.

அன்று மிச்சம் இருந்த என் பொட்டலத்தைக் கொடுக்கவில்லை. கம்பெனி என்னை முடக்கிவிட்டது. 'விளக்கம் அளிக்கவும்' என்று போனில் வருகிறது. பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டேன்.

உன் மார்ச் மாதக் கடிதம் அன்றைக்குத்தான் அறையில் கிடந்தது. நெட்டைக்குப் பின்னால் நான் போய்க்கொண்டிருந்தேன் அக்கா. நான்தான் பின்னால் இருந்தேன். குழி எனக்கும் தெரியவில்லை.

வருகிறேன். நீ யார் முன்னாலும் கை சேர்க்க வேண்டாம். சைக்கிளை பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், அதனால் ஓட்டிக்கொண்டே வருகிறேன். நெடுஞ்சாலை முழுக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் வியாழக்கிழமை காலை நீ வேலைக்குப் போகிற நேரத்துக்கு ஊருக்குள் வந்துவிடலாம். வீட்டுக்கு வர மாட்டேன். நேராகப் பாலத்தடிக்கு வருவேன். உன் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வேன். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், பேச மாட்டேன். ரோடு காலியானதும் இரண்டு தடவை அடிப்பேன். நீ திரும்பு. அவ்வளவுதான். மற்றதெல்லாம் ரோட்டைத் தாண்டின பிறகு பேசலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். இது புது வண்டி, புது மணி. பழைய மணி மாதிரி தொண்டை கட்டினது இல்லை. சின்னப் பிள்ளைகள் சைக்கிள் மாதிரி கணீரென்று இருக்கும். வேறு யாரோ என்று நினைத்து ஏமாந்துவிடாதே.

வாலு

ஏப்ரல் 9

வாலு,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நாளைக்கு மறுநாள் வியாழன். நீ இந்நேரம் எந்த ரோட்டில் இருக்கிறாயோ, இது உன் கையில் கிடைக்கப் போவதில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை, அந்த முகவரிக்கே போகட்டும்.

அந்த நெட்டைப் பையனுக்கு வீடு வாசல் இருந்ததா? அவன் அம்மாவுக்கு யார் சொன்னார்கள்? நீ பின்னால் இருந்ததால் ஒன்றும் இல்லை. தண்ணீருக்குள் குழி யாருக்குத் தெரியும்?

அம்மாவிடம் சொன்னேன். உன் தட்டை எடுத்துக் கழுவினாள், கழுவின தட்டைத்தான் கழுவினாள்.

போன் பண்ணிப் பார்த்தேன். இன்னும் அடைத்துத்தான் வைத்திருக்கிறாய். நீயும் உன் வீம்பும். சரி, வெயிலில் தலையில் துண்டு கட்டிக்கொள்.

வியாழக்கிழமை நான் கண்ணை மூட மாட்டேன், காதைத் தீட்ட மாட்டேன். சும்மா மிதித்துக்கொண்டு போவேன். கணீரென்று இரண்டு தடவை கேட்கும், திரும்புவேன்.

அக்கா

ஏப்ரல் 28

அக்கா,

இதை வார்டு ஆயாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம். என்னால் உள்ளே வர முடியாது. திட்டாதே.

புதன்கிழமை எதிர்காற்று. நெடுஞ்சாலையில் ஒதுங்கக்கூட இடமில்லை. ஒரு லாரி ஒதுக்கிவிட்டதில் ஜல்லியில் இறங்கினேன், பின் சக்கரம் எட்டு போட்ட மாதிரி வளைந்துவிட்டது. தூக்கிக்கொண்டு நடந்தேன். அடுத்த ஊரில் சைக்கிள் கடைக்காரர் நிமிர்த்திக் கொடுக்கும்போது வியாழன் மதியம். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. உன் நம்பரைத் திறந்து ஒரு வார்த்தை, 'இன்னைக்கு வரல, இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ' என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனையோ மாதம் பேசாமல் இருந்துவிட்டு, முதல் வார்த்தை வர முடியவில்லை என்பதாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பாலத்தடியில் நின்றேன். உன்னைக் காணோம். பஞ்சர் அண்ணன் கடையிலிருந்து எழுந்து வந்தார். என்னைப் பார்த்ததும் அழுதார். முந்தின நாள் நீ திரும்பிக் கார் அடித்து ரோட்டில் கிடந்தபோது, "தம்பி மணி அடிச்சான் அண்ணே, தம்பி எங்க?" என்று கேட்டாயாம். பின்னால் யாரும் இல்லையே என்று அவர் சொல்லவில்லையாம்.

மணி அடித்தது யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்துப் பெண். ரோட்டோரம் நின்ற தோழியைக் கூப்பிட இரண்டு தடவை அடித்திருக்கிறாள். பஞ்சர் அண்ணன் பார்த்திருக்கிறார். அவள் எந்தப் பள்ளிக்கூடம், எந்த நேரம் வெளியே வருவாள், எல்லாம் தெரியும். மூன்று நாளாக அந்த வாசலில் நிற்கிறேன். நாளைக்கு அவளை நிறுத்திக் கேட்கப் போகிறேன். விளையாட்டுக்கு அடித்த மணியில் ஒருத்தியின் கால் போனது தெரியுமா என்று கேட்கப் போகிறேன். யாராவது ஒருத்தர் தெரிந்துகொள்ள வேண்டும் அக்கா. கார்க்காரன் ஜாமீனில் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட்டான். யாராவது ஒருத்தர் இதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். நான் ஒருத்தன் மட்டும் போதாது.

அம்மாவிடம் கால் முறிந்திருக்கிறது, சேர்ந்துவிடும் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

வாலு

மே 1

வாலு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கிறுக்கலாக இருக்கும். ஆயா அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு வேலை கிடக்கிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட வாசலுக்கு இனி போகாதே. ஏற்கெனவே கேட்டுவிட்டாயென்றால் உன்னை நான் மன்னிக்க மாட்டேன். அந்தப் பெண் தோழியைக் கூப்பிட மணி அடித்தாள். மணி அதற்குத்தான் இருக்கிறது. அதை நம்பி ரோட்டில் திரும்புகிற மாதிரி இரண்டு பேர் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒருத்தியின் பிடரிக்கு இன்னொருத்தன் கண்ணாக வர வேண்டியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மேம்பாலத்தில் சைக்கிள் ஏறக் கூடாது என்று பலகை எழுதினவன் மணி அடிக்கவில்லை. பச்சைப் பெயிண்டைப் பாதியில் நிறுத்தினவன் அடிக்கவில்லை. நம்மை அத்தனை தூரம் தள்ளிக் குடிவைத்தவன் அடிக்கவில்லை. அவர்கள் எந்த வாசலில் எந்த நேரத்துக்கு வெளியே வருவார்கள் என்று கண்டுபிடி. அங்கே போய் நில். முடியாது. எனக்கும் தெரியும் முடியாது என்று. அதற்காகப் பள்ளிக்கூடப் பிள்ளையைப் பிடிப்பாயா? அன்றைக்கு அந்தப் போலீஸ்காரரிடம் கேட்டாயே ஒரு கேள்வி, அந்தத் தம்பி பிள்ளைகளை மிரட்டுகிறவன் இல்லை.

போன் பண்ணாததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பரவாயில்லை என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. அடித்துவிட்டேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொல். முறிந்த கால் என்றால் ஒருநாள் நடக்கும் என்று காத்திருப்பாள். வராத ஒன்றுக்காக ஒருத்தியைக் காத்திருக்க வைக்காதே.

முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதம் அரிக்கிறது. சூப்பர்வைசர் வந்து பார்த்தார், ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்தார். ஒப்பந்தத்தில் இருக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி பொறுப்பில்லை என்று பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார். என் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள். அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும். நான் படுத்திருக்கிற விரிப்பின் மடிப்பு கோணலாக இருக்கிறது. புதுக் கை. அவளுக்கு யாராவது சொல்லிக் கொடுங்கள், மூட்டையைத் தோளில் போடாமல் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளச் சொல்லுங்கள் என்றேன். தள்ளுவண்டி இல்லை என்றார்.

இனி எப்படி என்று கேட்காதே. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மாடி, ஓடாத லிஃப்ட், ஒற்றைக் கால். உனக்கு ஏதாவது தெரிந்தால் சொல்.

கடைசியாக ஒன்று. உள்ளே வர முடியாது என்று எழுதியிருக்கிறாய். ஆயா எல்லாம் சொல்லிவிட்டாள். தினமும் சாயந்திரம் தாடி வைத்த ஒருத்தன் வருகிறானாம். வார்டு வாசலில், என் தலைமாட்டுப் பக்கம் நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகிறானாம். "உன் தம்பியாம்மா? உள்ள வாடான்னா ஓடறான்" என்றாள். நேற்று நீ நின்றது எனக்கே தெரிந்தது. உன் மூச்சு தெரியாதா எனக்கு? எத்தனை வருஷம் கேட்டது.

என் கழுத்து திரும்பாதுடா. உனக்குத் தெரியும். போதும், பின்னால் நின்றது போதும்.

முன்னால் வா.

அக்கா